முதற் படகும் மோட்டாரும்



தொம்மலூரில் குடியிருக்கும் ஒருவன் படகு வாங்குவதைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்குச் சற்று வேடிக்கையாகத் தோன்றக்கூடும். பெங்களூர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே சென்னைக்குச் சென்றாலும் மேற்கே மங்களூருக்குச் சென்றாலும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பிரயாணம் செய்த பிறகுதான் உப்புக்காற்று முகத்தில் படும். எங்கள் பகுதிக்கு அண்மையில் உள்ள பெரிய நீர்ப்பரப்பு அல்சூர் ஏரி ஒன்றே. நானோ மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன், கலைப் பட்டதாரி. படகைப் பற்றி எனக்கிருந்த அறிவு, பழந்தமிழ் நூல்களில் வரும் திமில், அம்பி, பஃறி, நாவாய் என்னும் சொற்களோடு நின்றுவிட்டது. சென்ற ஆண்டு வரையில் அதற்கு மேல் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் ஏற்படவில்லை.

தொம்மலூருக்குத் தமிழ் புதிதன்று. இங்குள்ள சொக்கநாதர் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன; அவற்றில் இவ்வூர் தொம்பலூர் என்று குறிக்கப்பெறுகிறது. இன்றும் பிழைப்பை நாடி இங்கு வருகிற தமிழர் பலர். அவர்களுள் ஒருவர் எங்கள் தெருவிலேயே, இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர். பதினாறு வயதில் கடலைவிட்டு வந்து, இங்கே ஒரு பட்டறையில் லேத் இயந்திரத்தில் வேலை பழகி, இன்று அதிலே தேர்ந்தவராக இருக்கிறார். அவருடைய தம்பி ஊரிலேயே தங்கி, பிறருடைய படகில் பங்குக்குப் போகிறவர். பங்கு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பிடித்த மீனை விற்ற பணத்தில் எரிபொருட் செலவு போக, படகுக்கு ஒரு பங்கு, மோட்டாருக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, எஞ்சியதே ஆட்களுக்கு. சொந்தப் படகு இல்லாதவனுக்கு வயிறு நிறையுமேயன்றிக் கை நிறைவதில்லை.

ஒருநாள் மாலை நண்பர் என் வீட்டுக்கு வந்தார். கையில் ஓர் ஆங்கிலக் கையேடு. "சார், இதைத் தமிழில் கொஞ்சம் சொல்ல முடியுமா?" என்றார். அது ஓர் அவுட்போர்டு மோட்டாரின் கையேடு. பதினைந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தம்பிக்கு ஒரு படகும் மோட்டாரும் வாங்கிக் கொடுக்கத் தீர்மானித்திருந்தார். படகு எது என்பது இன்னும் முடிவாகவில்லை. மோட்டார் மட்டும் முடிவாகிவிட்டது. 25 குதிரைத்திறன். "வாங்குவதுதான் வாங்குகிறோம், பெரிதாகவே வாங்கிவிடலாமே" என்றார்.

வெளிமாநிலங்களில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் நம்மவர் பலருக்கும் இவ்வெண்ணம் இயல்பானது. அனுப்புகிறவர் ஓரிடம், கடலுக்குப் போகிறவர் வேறிடம். தூரத்தில் இருப்பவருக்குத் தம்முடைய அன்பின் அளவைக் காட்ட எஞ்சினின் அளவைத் தவிர வேறு அளவுகோல் அகப்படுவதில்லை. ஆகையால்தான் நாங்கள் மூவரும், அதாவது நண்பரும், தொலைபேசியில் அவர் தம்பியும், நடுவில் அகராதியோடு நானும், இரண்டு மாத காலம் பேசிப் பேசித் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணினேன்.

அவர்களுடைய தந்தை கட்டுமரத்தில் போனவர். இப்பொழுது முதுமையினால் கரையில் இருக்கிறார். மோட்டாரைப் பற்றிய செய்தி அவர் காதுக்கு எட்டியதும், "படகு எந்தக் கரையில் ஏறப்போகிறது என்று முதலில் கேள்" என்றாராம். எங்களுக்கு அப்போது அது பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் தடையாகத்தான் பட்டது. பின்னர் யோசிக்கையில், அக்கேள்விக்குள் மற்றெல்லாக் கேள்விகளும் அடங்கியிருப்பதைக் கண்டோம்.

பாக் நீரிணைப் பகுதியில் கடல் ஆழமற்றது, அலையும் குறைவு. அங்கே கனத்த மரவத்தையைக் கரைக்கு அருகே நங்கூரமிட்டு நிறுத்திவிடலாம். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற இடங்களில் இன்று துறைமுகங்கள் இருக்கின்றன. அங்கே படகு கரையேறவே வேண்டியதில்லை. நண்பரின் ஊரிலோ துறைமுகம் இல்லை. வெறும் மணற்கரை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலை சுவர்போல் எழுந்து விழும். அக்கரையில் படகைத் தினந்தோறும் அலையைப் பிளந்து இறக்கவும், திரும்புகையில் அலையின் முதுகிலேறி மணலில் ஏற்றவும் வேண்டும். ஏற்றியபின் ஆட்கள் இழுத்து மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நான்கு பேர் இழுக்க முடியாத படகு அங்கே படகன்று, பாரம். கட்டுமரம் அத்தனை நூற்றாண்டுகள் அக்கரையை ஆண்டதற்குக் காரணம் இதுவே. இலேசான மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்தது; கரையேறியதும் அவிழ்த்து வெயிலில் உலர்த்தலாம்; அலை மேலே புரண்டாலும் உள்ளே தண்ணீர் தேங்க இடமில்லை; கவிழ்ந்தாலும் மூழ்குவதில்லை. ஆங்கிலத்தார் இச்சொல்லை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு இரட்டை உடல் கொண்ட உல்லாசப் படகுக்குப் பெயராக்கிக்கொண்டது தனிக் கதை.

இப்படிப்பட்ட கரையில் மோட்டாரைப் புகுத்துவது எளிதாக இருந்ததில்லை. 1952 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் சபையும் நார்வே நாடும் இந்தியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டு முதல் கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் ஒரு பெருந்திட்டம் நடந்தது. அங்கிருந்த மர வள்ளங்களுக்கே மோட்டார் பூட்டிவிடலாம் என்பது தொடக்கத்தில் இருந்த எண்ணம். வள்ளம் அதற்கு இசையவில்லை. புதிய படகுகளைக் கட்டினார்கள். அவை நாளடைவில் பெரிதாகிப் பெரிதாகி, துறைமுக வசதி உள்ள ஊர்களுக்கே உரியவை ஆயின. வெறுங்கரை ஊர்கள் கட்டுமரத்தோடும் வள்ளத்தோடும் நின்றன.

1980-களின் தொடக்கத்தில், நண்பரின் ஊருக்கு அதிகத் தொலைவில் இல்லாத முட்டத்தில், பியர் ஜில்லே என்னும் பெல்ஜிய நாட்டவர் உள்ளூர்த் தச்சர்களோடும் மீனவர்களோடும் சேர்ந்து, கடல் ஒட்டுப்பலகையினால் அலையில் ஏறி இறங்கும் இலேசான படகுகளைக் கட்டிப் பழக்கினார். 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அம்முயற்சியைத் தொடர்ந்து வளர்த்தது; மோட்டார்களைத் தருவித்துக் கொடுப்பதிலும் ஈடுபட்டது. ஒரே நாளில் நடந்ததன்று இது. படகைக் கட்டுவார்கள், மீனவர் ஓட்டிப் பார்த்துக் குறை சொல்வார்கள், மறுபடியும் மாற்றிக் கட்டுவார்கள். கடலுக்குப் போகிறவனுடைய சொல் படகின் வடிவத்துக்குள் புகுந்தது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி.

இதற்கு நேர்மாறான காலம் ஒன்றும் வந்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பிறகு, இரக்கம் கொண்ட பலர் தமிழ்நாட்டுக் கரையெங்கும் ஆயிரக்கணக்கில் கண்ணாடி இழைப் படகுகளை வழங்கினார்கள். கரையோரத்தார் இவற்றைப் பைபர் படகு என்பர். நல்லவையும் இருந்தன. ஆனால் அவசரத்தில் முளைத்த கூடங்களில் மெல்லிய ஓடாக வார்க்கப்பட்டு, சில பருவங்களிலேயே வெடித்துப்போனவையும் பல. எந்தக் கரைக்கு எப்படகு என்று கேட்காமல் எல்லாக் கரைக்கும் ஒரே அச்சில் வார்த்தது மற்றொரு குறை. கொடுத்தவர் நல்லெண்ணத்தை நான் குறை கூறவில்லை. கொடுத்தவருக்கும் ஓட்டுகிறவருக்கும் இடையே இருந்த தூரத்தைச் சொல்கிறேன். என் நண்பர் 25 குதிரைத்திறன் கையேட்டை நீட்டியபோதும் அதே தூரம்தான் அங்கே இருந்தது.

இனி படகுக்கு வருவோம். தம்பியோடு போகப்போகிறவர் இன்னும் ஒருவர், ஆக இருவர். ஒருநாள் போய் மறுநாள் காலையில் திரும்பும் தொழில். அதற்கு 30 அடிப் படகு வேண்டியதில்லை. 22 அடி போதும் என்பது தம்பியின் தீர்ப்பு. ஒட்டுப்பலகையா, கண்ணாடி இழையா என்பது அடுத்த கேள்வி. ஒட்டுப்பலகை இலேசானது, பழுது பார்ப்பது உள்ளூர்த் தச்சராலும் முடியும். ஆனால் பலகை உண்மையாகவே கடற்பலகையாக இருத்தல் வேண்டும். நம் நாட்டில் அதற்கு ஐ.எஸ். 710 என்னும் தர எண் உண்டு. கொதிநீரில் 72 மணி நேரம் போட்டாலும் தாள் தாளாகப் பிரியாமல் நிற்க வேண்டும் என்பது அத்தரத்தின் சோதனைகளுள் ஒன்று. வீட்டு அலமாரிக்குப் பயன்படும் பலகையை வண்ணம் பூசிக் கொடுத்தால் வெளிப்பார்வைக்கு வேற்றுமை தெரியாது. முத்திரையைப் பார்த்து, மிச்சத் துண்டு ஒன்றை வாங்கி வீட்டிலேயே வேகவைத்துப் பார்க்கலாம். நண்பர் அவ்வாறே ஒரு துண்டைத் தொம்மலூருக்குக் கொண்டுவந்து மூன்று நாள் அடுப்பில் ஏற்றி இறக்கினார். அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. பலகை பிரியவில்லை.

கண்ணாடி இழைப் படகு வாங்குகிறவர் விரல் முட்டியால் பக்கமெங்கும் தட்டிப் பார்க்க வேண்டும். ஒரே சீராக ஒலித்து வந்த ஓசை ஓரிடத்தில் பொத்தென்று மாறினால் அங்கே அடுக்குகளுக்கிடையில் காற்று நிற்கிறது. உட்புறத்தில் இழை நூல் வெளியே தெரிந்தால் பிசின் போதவில்லை. இவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதி தாருங்கள்.

கட்டுமரம் மூழ்காது என்று முன்னே சொன்னேன். மரம் தண்ணீரைவிட இலேசானது. கண்ணாடி இழையோ தண்ணீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. உள்ளே காற்று இருக்கும் வரையில்தான் அப்படகு மிதக்கும். தண்ணீர் நிரம்பிவிட்டால் கல்லைப்போல் இறங்கும். கட்டுமரத்திலிருந்து பைபர் படகுக்கு மாறுகிறவன் வேகத்தைப் பெறுகிறான், இடவசதியைப் பெறுகிறான். மூழ்காமை என்னும் பழைய சொத்தை மட்டும் கரையிலே விட்டுவிடுகிறான். அதைத் திரும்பப் பெறுவதற்கு வழி, படகின் உள்ளே மூடிய அறைகளில் நுரைப்பொருளை நிரப்பி வைப்பதேயாகும். எவ்வளவு வேண்டும்? 400 கிலோ எடையுள்ள கண்ணாடி இழைப் படகு முழுவதும் நீரில் அமிழ்ந்தால், நீரின் தாங்குதல் போக அதன் கனம் ஏறத்தாழ 130 கிலோ. மோட்டார் ஒரு 40 கிலோ. இருவர் பிடித்துக்கொண்டு மிதப்பதற்கும் எதிர்பாராததற்கும் இன்னும் ஐம்பது அறுபது கிலோ. ஒரு லிட்டர் நுரை ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். ஆக 250 லிட்டர் நுரை; பெரிய எண்ணெய்ப் பீப்பாய் ஒன்றேகால் அளவு. விற்பவரிடம், "நுரை எங்கே இருக்கிறது, எத்தனை லிட்டர்?" என்று கேளுங்கள். பதிலாக அவர் வண்ணத்தின் பளபளப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அடுத்த கூடத்துக்குப் போய்விடுங்கள். ஒட்டுப்பலகைப் படகுக்கும் இது வேண்டும். பலகை தானே மிதந்தாலும் மோட்டாரையும் ஆட்களையும் சேர்த்துத் தாங்காது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோது கடலுக்குச் சென்றிருந்த பலர் திரும்பவில்லை. நண்பர் இந்த நுரைக் கணக்கைப் போடும்போது ஒரு முறையும் பேச்சுக்கு இடையில் சிரிக்கவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

மோட்டார் விஷயத்தில்தான் எங்களுக்குள் உண்மையான வாதம் நிகழ்ந்தது. நண்பர் இயந்திரம் தெரிந்தவர். ஆனால் லேத்துக்கு எதிரே இருப்பது இரும்பு. படகுக்கு எதிரே இருப்பது தண்ணீர். தண்ணீரைக் கிழித்துச் செல்லும் படகுக்கு அதன் நீளத்துக்கேற்ற ஒரு வேகம் உண்டு. நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு இத்தனை கடல் மைல் என்று அவ்வேகம் கிடைக்கும். 22 அடிப் படகு நீர்மட்டத்தில் 20 அடி இருக்கும் என்று கொண்டால், மணிக்கு 6 கடல் மைல், அதாவது சுமார் 11 கிலோமீட்டர். அதுவரையில் சிறிய மோட்டாரே எளிதாகக் கொண்டுபோய்விடும். அதற்கு மேல், படகு தான் எழுப்பிய அலையின் மேட்டிலேயே ஏற முயல்வதுபோல் திணறும். இலேசான படகு கொஞ்சம் மீறலாம். வலையும் பனிக்கட்டியும் மீனும் ஏற்றிய படகு மீறுவதற்கு எரிபொருளை வாரி இறைக்க வேண்டும்.

ஒருநாள் இரவு என் மேசையில் காகிதத்தைப் பரப்பிக் கணக்குப் போட்டோம். டூ ஸ்ட்ரோக் வகை அவுட்போர்டு மோட்டார், முழு வேகத்தில், குதிரைத்திறன் ஒன்றுக்கு மணிக்கு ஏறத்தாழ அரை லிட்டர் குடிக்கும். மீன் கிடைக்கும் இடம் கரையிலிருந்து 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டோம். 9.9 குதிரைத்திறன் மோட்டார் 6 கடல் மைல் வேகத்தில் 54 நிமிடத்தில் அங்கே போய்ச்சேரும். செலவு நாலரை லிட்டர். 25 குதிரைத்திறன் மோட்டார் அதே பாரத்தோடு எட்டரைக் கடல் மைல் வேகத்தில் ஓடினால் 38 நிமிடம். செலவு ஏழரை லிட்டருக்கு மேல். போக வர 6 லிட்டருக்கு மேல் அதிகம். மாதத்தில் 25 நாள் தொழில் நடந்தால் 150 லிட்டருக்கு மேல். இவ்வளவும் எதற்காக? ஒரு வழிக்கு 16 நிமிடம் மிச்சப்படுத்துவதற்காக. நண்பர் காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த 150 லிட்டரும் தம்பியின் பங்கிலிருந்துதானே சார் போகும்?" என்று கேட்டார். அத்துடன் 25 குதிரைத்திறன் முடிந்தது.

எடையும் ஒரு காரணம். 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் மோட்டார் 40 கிலோவுக்குள் அடங்கும். ஒருவர் தோளில் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். 25 குதிரைத்திறன் 50 கிலோவைத் தாண்டிவிடும். பின்பக்கம் கனத்த படகு கரையலையில் திரும்பும்போது பின்னாலிருந்து வரும் அலையை உள்ளே வாங்கிக்கொள்ளும். ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் எரிபொருளை மிச்சப்படுத்துவது உண்மை. அதன் விலையும் எடையும் கூடுதல். டீசல் எஞ்சின் இன்னும் சிக்கனமானது. டூ ஸ்ட்ரோக் குடிப்பதில் பாதியே குடிக்கும். சோழமண்டலக் கரையில் நீண்ட தண்டின் நுனியில் விசிறி பொருத்திய டீசல் எஞ்சின்களைப் பலரும் விரும்புவது இதனால்தான். எங்கள் தேர்வை முடிவு செய்தது இவற்றில் எதுவும் அன்று. தம்பியின் ஊரில் உள்ள ஒரே மெக்கானிக்குக் கைவந்த மோட்டார் எது, அவரிடம் உதிரி பாகம் இருப்பது எதற்கு என்று விசாரித்தோம். பழுதானால் ஒருவாரம் நாகர்கோவிலுக்கு அலையவைக்கும் மோட்டார், எவ்வளவு சிறந்ததாயினும், முதற் படகுக்கு ஆகாது.

இனி என் பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மோட்டாரின் தண்டு நீளம் என்று ஒன்று உண்டு. பொதுவாக 15 அங்குலம், 20 அங்குலம் என இரு அளவுகளில் வரும். மோட்டாரை மாட்டும் பின்பலகையின் மேல்விளிம்பிலிருந்து படகின் அடிவரை எத்தனை அங்குலமோ அதற்கேற்ற தண்டு வாங்க வேண்டும். கையேட்டில் இப்பலகைக்கு டிரான்சம் என்று எழுதியிருந்தது. நான் அதை, "படகின் பின்புற உயரம்" என்று வாய்மொழியாகப் பெயர்த்துவிட்டேன். நண்பர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது, படகுக் கூடத்தில் பின்புறத்தின் பக்கச் சுவரை அளந்துகொண்டு வந்தார். கிட்டத்தட்ட 20 அங்குலம். நீளத் தண்டு மோட்டாருக்கு முன்பணம் கட்ட இருந்த அன்று மாலை தம்பியிடமிருந்து தொலைபேசி. "அண்ணே, நீங்க அளந்தது படகோட ஓரத்தையா, மோட்டார் மாட்டுற பலகையையா? பலகையை நடுவுல வெட்டித் தாழ்த்தித்தானே வச்சிருப்பாங்க!" மறுபடியும் அளக்கச் சொன்னதில் 15 அங்குலம்தான் இருந்தது. நீளத் தண்டை வாங்கியிருந்தால் விசிறி அளவுக்கு மீறிக் கீழே இறங்கி, படகை இழுத்துப் பிடிப்பதோடு, கரையேறும் ஒவ்வொரு முறையும் மணலில் இடித்திருக்கும். குட்டைத் தண்டை உயர்ந்த பலகையில் மாட்டினாலோ விசிறி காற்றை உறிஞ்சி வெறும் ஓட்டம் ஓடும். குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமல் எஞ்சின் சூடாகிப்போகும். விசிறிக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கும். அது படகின் அடிமட்டத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தாலே சரி, தவறு தெரிந்துவிடும். இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் எத்தனையோ சொற்களைப் பெயர்த்திருக்கிறேன். ஒரு சொல்லின் பிழைக்கு மற்றொருவர் பணம் கொடுக்கும் நிலைக்கு இத்தனை அருகில் நான் போனதில்லை. அன்று முதல், எனக்குத் தெரியாத பொருளின் பெயரைத் தம்பியிடம் கேட்காமல் எழுதுவதில்லை.

பழைய மோட்டார் மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்கலாம். வாங்கலாம், ஆனால் கடையில் தொட்டியில் ஓட்டிக் காட்டுவதை நம்பி வாங்கக் கூடாது. பின்புறத்துத் துளையிலிருந்து குளிர்நீர் தாரையாகப் பீறிட்டு வருகிறதா, திருகாணிகள் உப்பில் அரித்திருக்கின்றனவா, கயிற்றை மெதுவாக இழுக்கையில் கைக்கு எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்த மெக்கானிக் உடனிருப்பது மேல்.

கையேட்டில் மற்றொரு பகுதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மோட்டாரை நிறுத்தும் விசையிலிருந்து ஒரு சுருள் கயிறு வரும். அதன் மறுமுனையை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறிக் கடலில் விழுந்தால் கயிறு இழுபட்டு மோட்டார் நின்றுவிடும். இல்லையேல் ஆளில்லாத படகு வட்டமிட்டுத் திரும்பி, விழுந்தவர் மேலேயே விசிறியோடு ஏறும். இவ்வளவு சிறிய கயிறு இத்தனை பெரிய காரியம் செய்வதால் பலர் அதைக் கட்டாமல் மோட்டாரிலேயே முடிந்து வைத்துவிடுகிறார்கள். தம்பியும், "கைக்கு இடைஞ்சல்" என்றார். இவ்விஷயத்தில் மட்டும் அண்ணன் தம் மூப்பைப் பயன்படுத்தினார்.

25-க்கும் 9.9-க்கும் உள்ள விலை வித்தியாசத்தை என்ன செய்வது என்று கேட்டதற்குத் தம்பி ஒரு பட்டியல் சொன்னார். உயிர்காப்பு மேலங்கி இரண்டு, நல்ல துடுப்பு இரண்டு, நங்கூரமும் ஆழத்துக்குப் போதிய கயிறும், ஒரு திசைகாட்டி, உதிரி ஸ்பார்க் பிளக், தண்ணீர் இறைக்க இரண்டு வாளி, சிறியதாக ஒரு பாய். பாய் எதற்கு என்று நண்பர் வியந்தார். மோட்டார் நின்றுபோனால் கச்சான் காற்றில் கரைக்கு வரலாம் என்பது பதில். பாய் பிடிக்கத் தந்தையே கற்றுக்கொடுத்திருக்கிறார். எஞ்சிய தொகை வலைக்கு. இவையெல்லாம் வாங்கியபின் மீன்வளத் துறையில் படகைப் பதிவு செய்தார்கள். தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவெண் இல்லாத படகு தொழிலுக்குப் போகக் கூடாது. பதிவெண் இருந்தால்தான் காப்புறுதியும் அரசாங்கச் சலுகையும் கேட்க முடியும். பதிவு தம்பி பெயரில்தான் இருக்க வேண்டும் என்று நண்பர் சொன்னபோது வீட்டில் சிறிது சலசலப்பு எழுந்ததாகக் கேள்வி. அது குடும்ப விவகாரம்.

தொழிலுக்காக அன்றி, ஓய்வுக்காகக் கேரளத்துக் காயலிலோ உள்நாட்டு நீர்த்தேக்கத்திலோ சிறு படகு விட விரும்பும் நேயர்களும் இருக்கலாம். அங்கே அலையில்லை, 12 அடிப் படகுக்கு ஐந்து குதிரைத்திறனே தாராளம். நீர்த்தேக்கத்தின் அதிகாரிகளிடம் முதலில் அனுமதி கேட்டுவிட்டுப் படகு வாங்கப் புறப்படுவது நலம். வாங்கிய பிறகு கேட்டால் படகு வீட்டு வாசலில் பூந்தொட்டியாக நிற்கும்.

மாசி மாதத்தில் படகு இறங்கியது. புது மோட்டாருக்கு முதல் பத்து மணி நேரம் எண்ணெய் இருமடங்கு கலந்து, பாதி வேகத்துக்கு மேல் போகாமல் ஓட்ட வேண்டும் என்று கையேடு சொல்லியிருந்தது. பிறகுதான் லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய் என்னும் வழக்கமான கலவை. அந்தப் பத்து மணி நேரமும் தம்பி கரையோரமாகவே ஓட்டினாராம். முதல் நாள் தந்தையும் ஏறிக்கொண்டார். கரை திரும்பியதும் படகை இழுக்க எத்தனை பேர் வந்தார்கள் என்று நண்பர் தொலைபேசியில் கேட்டார். "நாலு பேர்தான், அண்ணே" என்று பதில் வந்தது.

இப்பொழுது அக்கையேட்டில் இரண்டு பக்கங்கள் மட்டும் எனக்கு மீதி இருக்கின்றன. மழைக்காலத்தில் மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் ஓட்டி உப்பைக் கழுவி, எண்ணெயிட்டு வீட்டுக்குள் வைப்பது எப்படி என்பதைப் பற்றியவை. வைகாசி முடிவதற்குள் எழுதி அனுப்பிவிட வேண்டும் என்று தம்பி சொல்லியிருக்கிறார். அதில் மூன்று சொற்களை அவரிடமே கேட்க வேண்டியிருக்கிறது.